துள்ளுவீட்டுக்குப் போட்ட காப்புறுதி

இயேசு மரி சூசை

பேசாலை,
மன்னார்.
11.11.2018

என் அன்பு மகள் மாக்கிறட்டுக்கு,

மடுத் தாயார் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, அப்பாவின் முழங்கால்தான் அதை முதலில் கண்டுபிடித்தது, ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய் பூசிவிடச் சொல்லிக் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. பின்வளவு முருங்கை ஒன்று சரிந்துபோனது, காய் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டதா, பேத்திக்கு அந்த இருமல் விட்டதா, நீ வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டிக்கொண்டுதான் போகிறாயா என்பதெல்லாம் எனக்கு அறிய வேண்டும்.

கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிற அம்மா எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். அம்புறோஸ் அண்ணன் தன் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒஸ்லோவுக்கு வருகிறார், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவதாகச் சொன்னார். கருவாடு கொண்டுபோக விடமாட்டார்களாம், அதனால் மிளகாய்த்தூளும் பனங்கற்கண்டும் மட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கடிதம் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. போனில் சொன்னால் நீ இடையில் இடையில் கேள்வி கேட்பாய், அழுவாய், நானும் அழுவேன், அப்பா போனைப் பறித்துக்கொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பார். ஆகையால் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன் மகள், எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது. ஆவணி மாதம் துள்ளுவீடு காற்றில் கிழிந்துவிட்டது என்று மட்டும் உனக்குச் சொன்னோம். அது பாதிக் கதை. அன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது. அந்தப் பிள்ளையின் கை இப்போது நன்றாகச் சேர்ந்துவிட்டது, வழக்கு இல்லை, பொலிஸ் இல்லை, யாரும் யாரோடும் கோபமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

காப்புறுதிக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா கடலுக்குப் போவதை விட்டுப் படகையும் விற்ற பிறகு, பேத்தியின் பிறந்தநாளில் கண்டேன் என்று சொல்லி, பிள்ளைகள் ஏறித் துள்ளுகிற அந்தக் காற்றடைத்த வீட்டை நீ கப்பலில் அனுப்பினாய், நினைவிருக்கிறதா. பெட்டியை உடைத்து மோட்டாரைப் போட்டதும் மஞ்சளும் நீலமுமாக அது மூச்செடுத்து எழும்பி நின்றபோது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள்தான் துள்ளுவீடு என்று பெயர் வைத்தார்கள். அதை வாடகைக்கு விடுவதற்கு முன்னம் காப்புறுதி போடுங்கோ போடுங்கோ என்று நீ எத்தனை தரம் சொன்னாய். அங்கே அது இல்லாமல் ஒரு பிறந்தநாளுக்குக்கூடக் கட்ட விடமாட்டார்கள் என்றாய். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை, கெடுதி வரட்டும் என்று முன்கூட்டியே காசு கட்டி அழைப்பது போல இருந்தது. உன் தொல்லை தாங்காமல்தான் சீவரத்தினத்தைக் கூப்பிட்டோம். அவர் பெரியமடுவில் வயலும் செய்துகொண்டு காப்புறுதி முகவராகவும் ஓடித்திரிகிற மனிதர், மோட்டார்சைக்கிளை நிறுத்த முதலே கதை தொடங்கிவிடும். சாமானுக்கு ஒரு பங்கு, அதாவது வீடு, மோட்டார், ஜெனறேற்றர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும். எங்கள் சாமானால் பிறத்தியாருக்கு ஏதும் நடந்தால் அதற்கு இன்னொரு பங்கு. அப்பா சாமானுக்கு மட்டும் போதும் என்று ஒரே பிடி. "காத்தடைச்ச வீட்டால ஆருக்கு என்ன வரப்போகுது" என்றார். சீவரத்தினம் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, சாமான் போனா இன்னொண்டு வாங்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நீங்கள் எதை வித்துக் குடுப்பியள்" என்று கேட்டார். இரண்டு பங்கும் போட்டோம். செய்ய வேண்டியவை எல்லாம் ஒரு தாளில் இருந்தன, சீவரத்தினம் அவற்றைத் தமிழில் எழுதித் தந்தார். நான்கு மூலையையும் இரும்பு முளை அடித்துக் கட்ட வேண்டும், மணல் நிலம் என்றால் மூலைக்கு நான்கு மணல் மூட்டை வைக்க வேண்டும், வளர்ந்த ஆள் ஒருவர் வாசலிலேயே நிற்க வேண்டும், குடை விரித்துப் பிடிக்க முடியாத காற்று வந்தால் பிள்ளைகளை உடனே இறக்கிவிட வேண்டும். முன்பள்ளியில் இருபது வருசம் படிப்பித்தவள் என்பதால் வாசலில் நிற்கிற வேலை எனக்கு. கழுத்தில் விசில், கையில் குடை. ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் கவனிப்பதில்லை.

மடுத் திருவிழா முடிந்த அடுத்த கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாளின் இரண்டாம் நாள் தாராபுரத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள், துள்ளுவீட்டையும் பாட்டுப்பெட்டியையும் கேட்டிருந்தார்கள். காலையிலேயே லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல மரியாதை, எங்களுக்கு என்று நிழலில் இரண்டு கதிரை போட்டு, மத்தியானச் சாப்பாடும் கொண்டுவந்து தந்தார்கள். மூன்று மூலையில் முளை இறுகிவிட்டது. தெற்கு மூலையில் மட்டும் வெறும் மணல், முளை நிற்கவில்லை. அப்பா நான்கு மூட்டை மணல் கட்டி அந்த மூலையைக் கயிற்றால் பிணைத்தார். இனி நான் எழுதப்போகிறதை அன்றைக்கு அங்கே நின்ற எவரும் காணவில்லை மகள். மத்தியானம் திரும்பியதும் காற்று கொஞ்சம் எழும்பியது, உயரத்தில் நிறுத்தியிருந்த ஸ்பீக்கர் ஆடத் தொடங்கியது, அதன் கீழே பிள்ளைகள் ஓடித்திரிந்தார்கள். அது யாருடைய தலையிலாவது விழுந்துவிடும் என்று பயந்து, அந்த நான்கு மூட்டையில் ஒன்றை நான் இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கர்த் தடியின் அடியில் வைத்தேன். அப்பா அந்த நேரம் ஜெனறேற்றருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். வேறு மூட்டை கட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளைகள் வரிசையில் நின்று ரீச்சர் ரீச்சர் என்று கத்த, மறந்துபோனேன்.

நான்கு மணிபோலச் சோளகக்காற்று உரத்துப் பிடித்தது. குடையை விரித்தேன், அது மறுபக்கம் திரும்பிவிட்டது. உடனே மூன்று தரம் விசில் ஊதினேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள், பதினொரு பேர் ஏறினவர்கள், பதினொரு பேரையும் எண்ணி இறக்கினேன். மோட்டாரை நிற்பாட்டுங்கோ என்று அப்பாவுக்குக் கையைக் காட்டத் திரும்பினேன். அந்தத் திரும்பலுக்குள் றிஸ்னா என்கிற ஏழு வயதுப் பிள்ளை, பெருநாளுக்கு வாங்கிய விளையாட்டுக் கண்ணாடி உள்ளே கிடக்கிறது என்று மறுபடி ஏறி ஓடிவிட்டாள். நான் காணவில்லை. காற்று ஒரு முறை ஊன்றி அடித்தது, தெற்கு மூலை மூன்று மூட்டையோடு எழும்பியதைத்தான் கண்டேன். வீடு ஒரு பக்கமாகச் சரிய, அந்தப் பிள்ளை மேலேயிருந்து சறுக்கி வந்து கை மடிபட நிலத்தில் விழுந்தாள். அடுத்த கணம் வீடு மற்ற முளைகளையும் பிடுங்கிக்கொண்டு மைதானம் முழுக்க உருண்டு போனது, வேலியோரம் நின்ற கழுதைகள் நாலா பக்கமும் சிதறி ஓடின, கடைசியில் முள்ளுக்கம்பியில் போய்க் குத்திக் கிழிந்து, பெருமூச்சு விட்டதுபோலப் படுத்துவிட்டது. அது அந்தப் பிள்ளையின் மேல் உருண்டு போகவில்லை, மற்றப்பக்கமாகத்தான் போனது. இரண்டு முழம் தள்ளிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்றைக்கும் யோசிக்க மாட்டேன் என்று வைத்திருக்கிறேன்.

பிள்ளையின் தாய் நசீறா ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டாள். ஓட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நாங்கள் பின்னால் இன்னொன்றில் போனோம். எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது, முகத்தில் நாடிக்கு மூன்று தையல் போட வேண்டும் என்றார்கள். வளருகிற பிள்ளையின் எலும்பு, நன்றாகச் சேரும், பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் மனதில் இறங்கவில்லை. வாசலில் நசீறாவின் தமையன் அப்பாவை மறித்து, "உங்கட விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்து எங்கட புள்ளையளக் கொல்லப் பாத்தீங்களா, பொலிசில போடாம விடமாட்டன்" என்று சத்தம் போட்டார். அவருடைய கோபத்தில் பிழை சொல்ல முடியாது. எனக்குப் பயம் பொலிசுக்கு இல்லை மகள். உங்கட ஆக்கள் எங்கட ஆக்கள் என்று ஒரு கதை இங்கே தொடங்கினால் அது எங்கெங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வெளியே வந்து சீவரத்தினத்துக்குப் போன் எடுத்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார், "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, பழம் குடுங்கோ, பக்கத்தில இருந்து அழவும் செய்யுங்கோ. ஆனா எங்கட பிழை எண்ட சொல்லை மட்டும் வாயால விட்டிடாதேங்கோ, இவ்வளவு தாறம் எண்டும் சொல்லாதேங்கோ. ஆர் பிழை, என்ன குடுக்கிறது எண்டதைக் கொம்பனிதான் முடிவெடுக்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னா அவங்கள் கையை விரிச்சிடுவாங்கள், பிறகு அந்தப் பிள்ளைக்கும் ஒண்டும் கிடையாது." பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் மூட்டைக் கதையைச் சொன்னேன். கைகால் கழுவாமல் குந்திக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை. "ஆர் எண்ணினது பிரான்சிஸ்கா, நாலு எண்டு சொல்லு, அதோட விடு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, காப்புறுதி இல்லையென்று போனால் வீட்டை ஈடு வைக்கிறதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை, நீ அனுப்புகிற காசில் கை வைக்க அவருக்கு விருப்பமுமில்லை. அடுத்த நாள் தொடக்கம் நான் தினமும் பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு தாராபுரத்துக்குப் போனேன். அப்பிள், மால்ற், படம் கீறுகிற கொப்பி, பென்சில் எல்லாம் கொண்டுபோனேன். றிஸ்னா வலது கையால் கீறுவாள், மாவுக்கட்டில் நான் ஒரு மீன் கீறிவிட்டேன். நசீறா தேத்தண்ணி தருவாள், மரியாதையாகக் கதைப்பாள். அவள் என் முகத்தைப் பார்க்கிற நேரமெல்லாம், என்ர பிழை பிள்ளை என்ற சொல் தொண்டைவரை வந்து நிற்கும், சீவரத்தினத்தின் பேச்சு நினைவுக்கு வரும், விழுங்கிக்கொள்வேன். பூசைக்குப் போனேன், அங்கேயும் அதே சொல்தான் கூட வந்தது. என் வாழ்நாளில் ஒரு சொல்லை அவ்வளவு நாள் சுமந்ததில்லை.

பத்து நாள் கழித்துக் கொம்பனியிலிருந்து விசாரிக்கிறவர் வந்தார். அனுராதபுரத்துச் சிங்கள மனிதர், வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு அளவுநாடா. காலை பத்து மணிக்கு எங்கள் எல்லோரையும் அந்த மைதானத்துக்கே கூப்பிட்டார். நானும் அப்பாவும், நசீறாவும் பிள்ளையும் தமையனும், போட்டி நடத்தின இரண்டு பேர், சிங்களத்தைத் தமிழாக்கச் சீவரத்தினம். முளை பிடுங்கின கிடங்குகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், நாடா பிடித்து அளந்தார், படம் எடுத்தார். முதலில் நசீறாவிடம், விபத்துக்கு முன்னம் விசில் ஊதினார்களா, பிள்ளைகளை இறக்கினார்களா என்று கேட்டார். நசீறா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சரியாத் தெரியா, பாட்டுச் சத்தமா இருந்தது" என்றாள். அந்த விசில் பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். போட்டி நடத்தினவர்கள் அந்த நேரம் சாக்கோட்டம் நடத்திக்கொண்டு மைதானத்தின் மறுகரையில் நின்றவர்கள், அவர்களும் கவனிக்கவில்லை. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, தெற்கு மூலையில் எத்தனை மூட்டை என்று கேட்டார். அப்பா என் சீலைத் தலைப்பை மெல்லப் பிடித்தார். நான் நசீறாவைப் பார்த்தேன், அவளுக்குப் பக்கத்தில் மாவுக்கட்டோடு நின்ற பிள்ளையைப் பார்த்தேன். மூன்று என்றேன். நான்கு வைத்தோம், ஒன்றை நான் எடுத்து ஸ்பீக்கருக்கு வைத்தேன், திரும்ப வைக்க மறந்துபோனேன் என்று முழுவதையும் சொன்னேன். சீவரத்தினம் தலையில் கையை வைத்துவிட்டு, அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். அப்போது அப்பா முன்னால் வந்து, "அவ எடுக்கேல்லை, நான்தான் எடுத்தனான்" என்றார். நான் இல்லை நான்தான் என்றேன், அவர் நீ சும்மா இரு நான்தான் என்றார், அத்தனை பேருக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அந்த மூட்டைக்காகச் சண்டை பிடித்தோம். விசாரிக்க வந்த அந்த மாத்தையா கையை உயர்த்தி ஏதோ சொன்னார், சீவரத்தினம் அதைத் தமிழில், "ஆர் எடுத்தது எண்டது அவருக்குத் தேவையில்லையாம், எத்தினை எண்டது மட்டும் போதுமாம்" என்றார். நான் மறுபடி பார்த்தபோது நசீறா பிள்ளையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை முகத்துக்கு இழுத்து, போய்க்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் தாராபுரத்துக்குப் போனேன், கதவு பூட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்தும் போனேன், உள்ளே தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது, கூப்பிட்டேன், சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. கொண்டுபோன மாதுளம்பழத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. ஒன்றரை மாதம் கொம்பனியிலிருந்தும் பேச்சில்லை. அப்பா அந்தக் கிழிந்த வீட்டைச் சுருட்டிப் பின்வளவில் போட்டு மூடிவிட்டார், அந்தப் பக்கம் போவதேயில்லை. அந்த நாட்களில்தான் நீ போனில், ஏன் அம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தடிமன் என்று சொன்னேன். ஆனால் உண்மையைச் சொன்னால், மூன்று என்று சொன்ன அந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கியது. பயம் இருந்தது, பாரம் இல்லை. அப்பாவும் அதைப்பற்றி ஒரு குறை சொல்லவில்லை, ஒரு நாள் மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதான்" என்றார், அவ்வளவுதான்.

ஒக்டோபர் நடுவில் சீவரத்தினம் வந்தார், அன்றைக்கு மோட்டார்சைக்கிள் சத்தத்தோடு சிரிப்புச் சத்தமும் கேட்டது. "அக்கா, துள்ளுவீட்டுக்குக் குறைச்சுப்போட்டாங்கள், மூண்டு மூட்டைக்கு அதுதான் கணக்கு. ஆனா பிள்ளைக்கு முழுசாக் குடுக்கினம்" என்றார். வைத்தியச் செலவு, போக்குவரத்து, தாய் தையல் தைக்க முடியாமல் இருந்த நாட்கள், பிள்ளை பட்ட நோவுக்கு என்று ஒரு தொகை, எல்லாம் கொம்பனி நேரே நசீறாவுக்குக் கொடுக்கும். எனக்கு விளங்கவில்லை, மூட்டை குறைந்தது எங்கள் பிழை என்றால் பிள்ளைக்கு எப்படி முழுசாகக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பிழையாகவே இருந்தாலும் பிறத்தியாருக்குக் கொடுப்பதற்குத்தானாம் அந்தப் பங்கு. ஆனால் காற்று வந்த பிறகும் பிள்ளைகளைத் துள்ளவிட்டு வேடிக்கை பார்த்தோம் என்றிருந்தால், காசுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்று செய்த கவனக்குறைவு என்று முழுவதையும் தள்ளியிருப்பார்களாம். விசில் ஊதினது, எண்ணி இறக்கினது, இரண்டும் உறுதிப்பட்டதாம். யார் உறுதிப்படுத்தினது என்றேன். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று இவ்வளவு நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இனி நீங்களே போய்க் கேளுங்கோ என்று சொல்லி, நசீறா கையெழுத்து வைக்க வேண்டிய தாளையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே போனேன். இந்த முறை கதவு திறந்திருந்தது, நசீறா என்னைக் கண்டதும் மெசினை விட்டு எழும்பினாள். தாளைக் கொடுக்க முன்னம் நான் சொல்லிவிட்டேன் மகள், இரண்டு மாதம் சுமந்த சொல், "என்ர பிழை பிள்ளை, நான் அந்த மூட்டையை எடுத்திருக்கக் கூடாது" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரீச்சர், நானும் ஒண்ட மறைச்சு வச்சிருந்தன்" என்றாள். அன்றைக்கு நான் விசில் ஊதி இறக்கினதும் றிஸ்னாவை அவள்தான் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அந்த நேரம் கட்டாரிலிருந்து அவளுடைய கணவன் போன் எடுத்திருக்கிறார், பெருநாள் வாழ்த்துச் சொல்ல. "கதைச்சுக்கொண்டே புள்ளட கைய விட்டுட்டன் ரீச்சர். புள்ளட வாப்பாவுக்கும் சொல்லல்ல, என்ட நானாவுக்கும் சொல்லல்ல. விசில் கேட்டது எண்டு சொன்னா, அப்ப ஏன் புள்ளயப் பிடிக்கல்ல எண்டு கேப்பாங்களே எண்டுதான் தெரியா எண்டு சொன்னன்." நான் மூன்று என்று சொன்னதும் அவளுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். அதனால்தான் விலகிப் போனாள், அதனால்தான் கதவும் திறக்கவில்லை. அன்று மத்தியானமே சீவரத்தினத்துக்குப் போன் பண்ணி, அந்த மாத்தையா ஊருக்குத் திரும்ப முதல் மன்னார் பஸ்நிலையத்தில் போய்ப் பிடித்து, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். பிறகு நானா என்று அவள் கூப்பிடுகிற தமையனுக்கும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் இருந்து அழுதுவிட்டு, பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். றிஸ்னா கட்டு வெட்டின கையை நீட்டி மடக்கிக் காட்டினாள், மற்றக் கையைவிட மெலிந்திருக்கிறது, நாளொன்றுக்கு நூறு தரம் பந்தை நசுக்கச் சொல்லியிருக்கிறார்களாம், எனக்கு முன்னால் நாற்பது எண்ணிவிட்டு மிச்சம் நாளைக்கு என்றாள்.

அடுத்த கிழமை நசீறாவின் தமையன் தன் லொறியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை, "அண்டைக்குச் சத்தம் போட்டதுக்கு மனசில வச்சுக்கொள்ளாதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பின்வளவில் கிடந்த துள்ளுவீட்டை அப்பாவோடு சேர்ந்து தூக்கி ஏற்றி, படகுக்கு மூடுசீலை தைக்கிற யாகப்பரிடம் கொண்டுபோய் இறக்கினார். யாகப்பர் ஒன்பது நாள் எடுத்துத் தைத்து ஒட்டினார், கிழிந்த இடத்தில் பச்சைத் துண்டு போட்டதால் இப்போது மூன்று நிறமாக இருக்கிறது, அழகில்லை, ஆனால் காற்று ஒழுகவில்லை. சேதத்துக்குக் கொம்பனி தந்தது தையலுக்குப் போதும், புது மோட்டாருக்குப் போதாது, பழைய மோட்டாரை அப்பா பிரித்துப் பூட்டியிருக்கிறார். போன ஞாயிறு முதல் முறையாகத் தலைமன்னாரில் ஒரு பிறந்தநாளுக்குக் கட்டினோம். மூலைக்கு ஆறு மூட்டை வைத்தார் அப்பா, நான்கு போதும் என்றேன், நீ எடுத்தாலும் ஐந்து மிஞ்ச வேண்டும் என்றார். முதல் அரை மணித்தியாலம் நான் மூட்டைகளையே எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்தில் அது நின்றுவிட்டது. காப்புறுதியையும் அடுத்த வருசத்துக்குப் புதுப்பித்துவிட்டோம், இந்த முறை அப்பாதான் பேனையை முதலில் எடுத்தார்.

இதையெல்லாம் நீ கவலைப்படுவாய் என்று மறைத்தேன், அது நான் செய்த இன்னொரு பிழை. இனி மறைக்க மாட்டேன். அதனால் உன்னிடமும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மூன்று மாதமாக நான் எந்த நேரம் போன் எடுத்தாலும் பக்கத்தில் மருமகனின் குரல் கேட்கிறது. திங்கட்கிழமை பகலிலும் கேட்கிறது. லீவு என்கிறாய். அவ்வளவு லீவு எந்தக் கந்தோரில் கொடுப்பார்கள் மகள். வேலை போய்விட்டதென்றால் அது அவருடைய குற்றமில்லை, உன்னுடைய குற்றமுமில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு அனுப்புகிற காசை நிற்பாட்டு. துள்ளுவீடு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடும். போனில் சொல்ல முடியாவிட்டால் என்னைப்போல எழுது, அம்புறோஸ் அண்ணன் நத்தார் பண்டிகைக்கு முன்னம் திரும்பி வருகிறார், அவர் கையில் கொடு. நான் ஊருக்குள் ஒருவருக்கும் சொல்லமாட்டேன், அப்பாவுக்கும் நீ சொல்லென்றால்தான் சொல்லுவேன். மருமகனிடம் மாமி சுகம் கேட்டதாகச் சொல்லு, அவருக்கு முன்னால் இந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டாம்.

பேத்திக்கு என் முத்தங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, இருட்டோடு வேலைக்குப் போகிற நாளில் கைப்பையில் செபமாலையை வைத்துக்கொள். ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலையும் உங்கள் போக்கையும் வரவையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. உன் பதிலை அம்புறோஸ் அண்ணனின் கையிலிருந்து வாங்கும்வரை காத்திருக்கிறேன், என்ன எழுதியிருந்தாலும் எனக்குச் சரி.

உன்னைப் பெற்றவள்,
கொ. பிரான்சிஸ்கா